ஐபிஎல்லுக்கு முந்தின மும்பை–சென்னை சண்டை

ஐபிஎல் வந்துட்டா நம்ம அம்பர்நாத்ல ஒரே தமிழ் வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி. அப்பா மஞ்சள், பையன் நீலம். காலையில லோக்கல் கல்யாணைத் தாண்டுறதுக்குள்ள நேத்து ராத்திரி ஆட்டத்தை அலசி முடிச்சிருப்பாங்க. ஆனா இந்தச் சண்டை 2008-ல ஆரம்பிச்சதுன்னு நம்ம பசங்க நம்புறாங்க பாருங்க, அது எனக்கு வருத்தம். அதைவிட 70 வருஷத்துக்கும் மேல பழைய சண்டை இது.

1934 நவம்பர்ல ரஞ்சிக் கோப்பையோட முதல் ஆட்டமே சேப்பாக்கத்துலதான். மெட்ராஸ் (பின்னாடி தமிழ்நாடு அணி) ஒரே நாள்ல மைசூரைத் தோற்கடிச்சுது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். அடுத்த சீசன் பைனல்ல பம்பாய்கிட்ட மெட்ராஸ் தோத்துது. அப்புறம் 1967-68, 1972-73, 2002-03, 2003-04. மொத்தம் அஞ்சு பைனல். அஞ்சுலயும் கோப்பை மும்பைப் பக்கம்தான் வந்தது.

இதுல 1973 பைனலை மட்டும் கொஞ்சம் நிதானமா பார்க்கணும். இடம் சேப்பாக்கம். தமிழ்நாடு அணியில வெங்கட்ராகவன், வி.வி. குமார்னு ரெண்டு பெரிய ஸ்பின்னர்கள். பிட்ச்சும் முதல் நாள்லேர்ந்தே திரும்புது. வடேகர் தலைமையில வந்த பம்பாய், கவாஸ்கர் இருந்தும் 151-க்கு ஆல் அவுட். ஊரே கோப்பை நமக்குத்தான்னு நினைச்சிருக்கும். ஆனா அதே பிட்ச்ல பத்மாகர் ஷிவால்கர் பந்தைக் கையில எடுத்தார். 16 ரன் கொடுத்து 8 விக்கெட்! தமிழ்நாடு 80. ரெண்டாவது இன்னிங்ஸ்ல பம்பாய் 113-தான் அடிச்சுது. பதிலுக்குத் தமிழ்நாடு 61. ஷிவால்கருக்கு அஞ்சு, சோல்கருக்கு அஞ்சு. மூணாம் நாள் முதல் பந்துலயே ஆட்டம் முடிஞ்சுபோச்சு. பம்பாய்க்கு அது தொடர்ச்சியா 15-வது கோப்பை.

இவ்வளவு செஞ்ச ஷிவால்கர் ஒரு டெஸ்ட் கூட ஆடலைங்க. 589 முதல்தர விக்கெட். ஆனா அவர் காலத்துல இந்திய அணியில இடது கை ஸ்பின்னுக்கு பிஷன் பேடி இருந்தார், இன்னொருத்தருக்கு இடமே கிடைக்கல. 2025 மார்ச்ல ஷிவால்கர் காலமானப்போ நம்ம தமிழ் ரசிகர்கள் வட்டத்துல பெரிசா பேச்சே இல்ல. நம்மளை அப்படித் தோற்கடிச்ச மனுஷனை நாமதான் முதல்ல ஞாபகம் வெச்சிருக்கணும்.

இப்போ கிட்டத்துக்கு வருவோம். 2024 மார்ச், பிகேசி மைதானம், தாராவிக்குப் பக்கத்துலயே. ரஞ்சி அரையிறுதி. தமிழ்நாடு டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்து 146-க்குச் சுருண்டுது. சாய் கிஷோர் அடுத்தடுத்து விக்கெட் எடுத்து மும்பையை 106-க்கு 7-னு நிறுத்தினப்போ எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அப்போ உள்ள வந்தார் ஷர்துல் தாக்கூர். 109 ரன். ஆட்டம் கைவிட்டுப் போச்சு, தமிழ்நாட்டுக்கு இன்னிங்ஸ் தோல்வி. இதே ஷர்துல்தான் 2019 ஐபிஎல் பைனல்ல மஞ்சள் சட்டையில கடைசிப் பந்துல மலிங்காகிட்ட அவுட் ஆனவர், ஒரு ரன்னுல சென்னை கோப்பையை விட்டுது. அந்த அரையிறுதியில பந்து வீசின துஷார் தேஷ்பாண்டே கல்யாண் பையன், நமக்கு மூணு ஸ்டேஷன் தள்ளி. 2023-ல சென்னை கோப்பை ஜெயிச்சப்போ அந்த டீமுக்கு அதிக விக்கெட் எடுத்தவர் அவர்தான்.

அதனால ஐபிஎல்ல நான் சென்னை, ரஞ்சியில மும்பை. நம்ம லைன்ல வளர்ந்த பசங்களை என்னால விட்டுக்கொடுக்க முடியாது. ஆனாலும் தமிழ்நாடு ரஞ்சி ஜெயிச்சது ரெண்டே தடவை: 1954-55-ல பாலு அழகண்ணன் தலைமையில, 1987-88-ல வாசுதேவன் தலைமையில. ரெண்டு பைனல்லயும் எதிரணி மும்பை இல்ல. ஆறாவது பைனல்ல இந்த ரெண்டு அணியும் மோதினா, அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் நான் தமிழ்நாடு பக்கம். மும்பைகிட்டதான் 42 கோப்பை இருக்கே!