பாசி முற்றமும் பௌலிங் பந்தும்



மழை பிடித்தால் கம்பளையில் முதலில் பச்சை கட்டுவது எங்கள் வீட்டுப் பின்முற்றம்தான். பழைய சீமெந்துத் தரை. தென்மேற்குப் பருவம் ஏறி நாலு நாள் விடாமல் பெய்தால் போதும், பாசி மினுங்கத் தொடங்கிவிடும். அந்த முற்றத்தில் யார் எந்தச் செருப்போடு நடக்கலாம் என்பதற்கு எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் செருப்பு போட்டவர் குசினி வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். றப்பர் செருப்பு என்றால் துணி காயப்போடும் கம்பி வரைக்கும் போகலாம். அதிலும் அடி தேய்ந்து வழவழப்பானது என்றால், போகிறவர் தன் பொறுப்பில் போக வேண்டும்.

இந்தச் செருப்புச் சட்டம் ஒரு பெரிய விளையாட்டின் அரிச்சுவடி என்று எனக்குத் தெரியவந்தது சென்ற வருடம், சிங்கப்பூரில், தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது. அந்த விளையாட்டின் பெயர் பௌலிங்.

பௌலிங் என்றதும் கண்டிப் பக்கத்து ஆளுக்கு யார் ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2007 டிசம்பர் 3ஆம் திகதி, அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சாய்த்து, ஷேன் வோர்னின் 708 டெஸ்ட் விக்கெட்டுகளை முரளிதரன் தாண்டிய நாளை இந்தப் பக்கத்தில் மறந்தவர் இல்லை. ஆனால் நான் பேச வந்தது அந்தப் பந்துவீச்சைப் பற்றி அல்ல. பளபளவென்ற நீண்ட பலகைப் பாதையில் கனமான பந்தை உருட்டி, கடைசியில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளை விழுத்துகிறார்களே, அந்த பௌலிங். ஆசிய விளையாட்டு விழாவில் 1978 இலேயே சேர்ந்துவிட்டது. 1998 இல் கோலாலம்பூரில் நடந்த பொதுநலவாய விளையாட்டிலும் இருந்தது. நம்மில் பலர் தொலைக்காட்சியில் மட்டும் கண்டது.

இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று என்று நினைத்திருந்தேன். நீளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிறிக்கெட் பிட்ச்சில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி. பௌலிங் பாதையில் எறிகோட்டில் இருந்து முதல் கட்டை வரை 60 அடி. முரளியின் பந்து காற்றில் ஒரு பக்கம் மிதந்து போய், தரையைத் தொட்ட இடத்தில் பிடித்து மறுபக்கம் திரும்பும். பௌலிங் பந்துக்குக் காற்றில் வேலையில்லை. அதற்குக் காற்றின் இடத்தில் இருப்பது எண்ணெய்.

ஆம், எண்ணெய். அந்தப் பளபளப்பு வெறும் மெருகு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பாதையின் முதல் நாற்பது அடிக்குச் சற்றுக் கூடக்குறைய, ஒரு இயந்திரம் ஊர்ந்துபோய் எண்ணெய் பூசிவிடுகிறது. ஒரு பாதைக்கு 20 முதல் 30 மில்லிலீற்றர், இரண்டு மேசைக்கரண்டிக்குள் அடங்கும் அளவு. அதை அவ்வளவு பரப்பில் இழுத்துவிட்டால் படலம் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. கண்ணுக்குத் தெரியாது. கடைசி இருபது அடி காய்ந்த தரை. பந்து எண்ணெயில் வழுக்கும், காய்ந்த இடம் வந்ததும் பிடிக்கும், வளையும், பிறகு உருளும். எல்லாம் இரண்டரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

பலகை தேயாமல் இருக்கட்டும் என்று பூசத் தொடங்கியதுதான் இந்த எண்ணெய். பிறகு அதுவே ஆட்டமாகிவிட்டது. பாதையின் அகலம் 39 பலகை. சாதாரண மண்டபங்களில் நடுவில் நிறையவும் ஓரங்களில் கொஞ்சமாகவும் பூசுவார்கள். அப்படியென்றால் என்ன நடக்கும்? பந்து தவறி வெளியே போனால் காய்ந்த ஓரம் அதைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். உள்ளே தவறினால் எண்ணெய் அதை வளையவிடாமல் தாங்கும். பிழை விடுகிறவனைப் பாதையே கைபிடித்து அழைத்துப்போகிறது. பெரிய போட்டிகளில் இந்தச் சலுகை கிடையாது. பாதை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவாகப் பூசிவிடுவார்கள். ஊர் மண்டபத்தில் சூரனாக இருந்தவர் அங்கே போய்த் திகைத்து நிற்பது இதனால்தான்.

வளைத்துப் போடுவது ஏன், நேரே விட்டால் என்ன என்று தங்கச்சி மகனான மருமகனிடம் கேட்டேன். நேரே போகிற பந்து முதல் கட்டையை இரண்டு பாகைக்கும் குறைந்த கோணத்தில்தான் தொட முடியும். பத்தும் விழ வேண்டுமானால் சுமார் ஆறு பாகை சாய்வில், முதல் கட்டைக்கும் மூன்றாவதுக்கும் இடையில் நுழைய வேண்டும். அப்படி நுழைந்தாலும் பந்து தானாகத் தொடுவது நாலே நாலு கட்டையை. மற்ற ஆறும் ஒன்றையொன்று தள்ளி விழுகின்றன. நம் கெரம் ஆட்டக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி அவன் என்னைப் பௌலிங் மண்டபத்துக்குக் கூட்டிப்போன அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். மருமகன் சில்லு வைத்த பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். உள்ளே மூன்று பந்து. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். விதிப்படி ஒரு பந்து அதிகபட்சம் 16 இறாத்தல் இருக்கலாம். கடையில் பதினாறு இறாத்தல் பாண் வாங்கி ஒரே பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள், என் தோள் அன்று பட்டது புரியும்.

"மாமா, மூணுக்கும் நிறையில வித்தியாசம் இல்ல. தோல்தான் வித்தியாசம்" என்றான்.

முதலாவது பிளாஸ்டிக். கண்ணாடி போல மினுக்கம். அதைச் சுழற்றித்தான் விட்டான். பந்து சுழன்றுகொண்டே நேராகப் போனது. எண்ணெயைத் தாண்டிக் காய்ந்த இடத்துக்கு வந்த பிறகும் அதற்கு வளைய மனமில்லை. ஒரு ஓரத்துக் கட்டைகளை மட்டும் தட்டிவிட்டுப் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் செருப்பு!

இரண்டாவது யூரித்தேன். 1981 இல் சந்தைக்கு வந்த சாதி. இது எண்ணெயிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கத் தொடங்கி, வாழையிலையின் விளிம்பு போல நிதானமாக வளைந்து போனது. எங்கே திரும்புகிறது என்று கண்ணால் பின்தொடரலாம்.

மூன்றாவதுதான் வேடிக்கை. ரியாக்டிவ் ரெசின் என்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்து இந்த விளையாட்டையே புரட்டிப்போட்டது. மேற்தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, எண்ணெயைக் குடிக்கும். தொட்டால் விரலில் இலேசாக ஒட்டுகிற மாதிரி ஒரு பசைத்தன்மை. பந்து வலது ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தது. பாதையோரக் கால்வாயில் விழப்போகிறது என்றே நினைத்தேன். காய்ந்த இடத்தைத் தொட்டதும் யாரோ கூப்பிட்டது போலச் சட்டென்று இடப்பக்கம் திரும்பி, பத்துக் கட்டையையும் ஒரே அறையில் சிதறடித்தது. பக்கத்துப் பாதைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அப்படியானால் மூன்றாவதுதான் சிறந்த பந்து, மற்ற இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வரலாமே என்று கேட்டேன். மருமகன் சிரித்தான். பெட்டியின் பக்கப் பையில் இருந்து வட்டமாக வெட்டிய தேய்தாள்களை எடுத்துக் காட்டினான். 500, 1000, 2000, 4000 என்று இலக்கம் போட்டவை. தச்சுப் பட்டறையில் வைத்திருக்கும் சேண்ட் பேப்பரின் உறவுதான். இலக்கம் குறைந்த தாளால் தேய்த்தால் பந்து சொரசொரப்பாகி எண்ணெய்ப் படலத்தை ஊடுருவித் தரையைத் தொடும். இலக்கம் கூடக்கூட மழமழப்பாகி மிதக்கும். ரியாக்டிவ் பந்தைக்கூட மினுக்கி எடுத்து, எண்ணெய் நிறைந்த பாதையில் விட்டால் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கிக்கொண்டு போகலாம். சொரசொரப்பானதை எண்ணெய் குறைந்த பாதையில் விட்டால் பாதி வழியிலேயே வளைந்து, வேகம் செத்து, கட்டைகளிடம் போய்ச் சேரும்போது சோர்ந்திருக்கும். பந்துக்குள்ளே விதவிதமான வடிவத்தில் கரு வைத்து, அதைப் படம் போட்டு விளம்பரம் செய்கிறார்கள். விதி வகுக்கும் அமைப்பான அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் தன் பரிசோதனைகளில் கண்டதோ, பந்தின் ஓட்டத்தை அதிகம் தீர்மானிப்பது மேற்தோலின் இந்த நுண்ணிய சொரசொரப்பு என்பதைத்தான். நல்ல விலை கொடுத்து வாங்கிய பந்தின் குணத்தை ஒரு துண்டுத் தேய்தாள் மாற்றிவிடுகிறது.

தேய்தாள் என்றதும் கிறிக்கெட் நேயர்களுக்கு 2018 மார்ச், கேப்டவுன் ஞாபகம் வந்திருக்கும். பந்தைத் தேய்க்கக் கொண்டுவந்து அவுஸ்திரேலியாவின் பாங்க்ரொஃப்ட் காற்சட்டைக்குள் ஒளித்த அந்த மஞ்சள் துண்டு, ஸ்மித்துக்கும் வோர்னருக்கும் ஒரு வருடத் தடை வாங்கிக் கொடுத்தது. பௌலிங்கில் அதே காரியத்தை ஆட்டத்துக்கு முன்னால் எல்லோர் கண்முன்னும் செய்யலாம். ஆட்டம் தொடங்கிவிட்டால் மட்டும் கை வைக்கக் கூடாது. உலர்ந்த துவாயால் எண்ணெயைத் துடைக்கலாம், அவ்வளவுதான். எனக்கென்னவோ இந்த ஒழுங்கு பிடித்திருக்கிறது. பந்தை மாற்றுவது எப்படியும் நடக்கும், அதை வெளிச்சத்தில் செய்யுங்கள் என்கிறார்கள்.

வெளிச்சத்தில் நடந்ததும் ஒரு கட்டத்தில் எல்லை மீறியது. 1973 இல் டொன் மெக்கியூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை வீரர், பிளாஸ்டிக் பந்தை மெதில் எதில் கீற்றோன் என்ற கரைப்பானில் ஊறப்போட்டார். ஊறிய பந்தின் தோல் இளகியது. இளகிய தோல் எண்ணெய்ப் பாதையில் மற்றவர் பந்து வழுக்கிய இடத்தில் பிடித்தது. அந்த ஒரு வருடத்தில் ஆறு பட்டங்கள் வென்று ஆண்டின் சிறந்த வீரரானார். அப்போது அதற்குத் தடையில்லை, ஆகவே குற்றமும் இல்லை. மற்றவர்களும் தங்கள் ஹோட்டல் அறைகளில் பந்தை ஊறப்போடத் தொடங்கினார்கள். அந்தத் திரவம் சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது என்பதை நினைத்தால், அந்த அறைகளின் கதி என்ன என்று வயிறு கலங்குகிறது. கடைசியில் பந்தின் கடினத்துக்கு ஒரு கீழெல்லை வகுத்தார்கள். சிறு ஊசி ஒன்றைப் பந்தின் மேல் அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிற கருவியால் அளக்கிறார்கள்.

விவகாரம் அத்தோடு தீரவுமில்லை. பர்ப்பிள் ஹேமர் என்ற யூரித்தேன் பந்தில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் தயாரானவை விதியில் உள்ளதைவிட மென்மையாக இருக்கின்றன என்று 2022 இல் அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் தன் தேசியப் போட்டிகளில் அவற்றுக்குத் தடை போட்டது. இந்தத் தடவை யாரும் எதிலும் ஊறப்போடவில்லை. ஐம்பது வருடம் கழித்தும் சண்டை அதே தோலின் இளக்கத்தைப் பற்றித்தான்.

மருமகன் சொன்னவற்றில் என் மனதில் அதிகம் தங்கியது வேறொன்று. பாதை அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு பந்தும் எதையாவது செய்துவிட்டுப் போகிறது. பிளாஸ்டிக்கும் யூரித்தேனும் எண்ணெயைக் குடிப்பதில்லை, இழுத்துக்கொண்டு போய்க் காய்ந்த இடத்தில் தடவிவிடுகின்றன. அடுத்த பந்து வளைய வேண்டிய இடத்தில் வழுக்கும். ரியாக்டிவ் பந்து போகும் வழியெல்லாம் எண்ணெயை உறிஞ்சிப் பாதையைக் காயவைக்கிறது. அடுத்த பந்து நேரத்தோடேயே வளைந்துவிடும். காலையில் பத்துக் கட்டையை விழுத்திய அதே வீச்சு பிற்பகலில் நட்ட நடுவில் மோதி, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டையை மிச்சம் வைக்கும். கெட்டிக்காரர் இதை முதலே மோப்பம் பிடித்து, நிற்கிற இடத்தை இடப்பக்கம் நகர்த்துவார், இல்லையென்றால் பந்தை மாற்றுவார். ஒரே பாதையில் மாறிமாறி ஆடும்போது எதிராளி கொண்டுவந்த பந்தும் உங்கள் பந்தின் பாதையை எழுதுகிறது.

எங்கள் சந்தியில் உள்ள கழகத்து கெரம் போர்ட்டிலும் இதைத்தான் காண்கிறோம். பவுடர் தூவிய புதுசில் ஸ்ட்ரைக்கர் பறக்கும். அரை மணித்தியாலத்தில் எல்லோரும் அடிக்கிற தடத்தில் பவுடர் விலகி, பலகை இறுகிவிடும். மழைநாளில் ஈரம் குடித்த போர்ட் என்றால் கேட்கவே வேண்டாம். பழகிய ஆட்டக்காரர் உட்கார்ந்ததும் சுட்டுவிரலால் பலகையை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். பௌலிங்காரருக்கு அந்த வசதி இல்லை. எறிகோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் அந்த வீச்சுக்குப் புள்ளியும் இல்லை, சப்பாத்தில் எண்ணெயும் ஒட்டும். பந்து போகிற போக்கைப் பார்த்துத்தான் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும்.

அன்றிரவு தங்கச்சி வீட்டுக் குளியலறையில் ஒரு வாளி. மருமகன் ரியாக்டிவ் பந்தின் விரல் துளைகளை ஒட்டுநாடாவால் மூடி, கை பொறுக்கும் சூட்டு நீரில், பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு மூழ்கவைத்தான். கொஞ்ச நேரத்தில் பந்தின் தோல் முழுக்க முத்து முத்தாய் எண்ணெய் வியர்த்தது. மேலே மெல்லிய படலம் மிதந்தது. குடித்த எண்ணெயை இப்படிக் கக்கவைக்காவிட்டால் பந்து செத்துவிடுமாம், எத்தனை காசு கொடுத்து வாங்கினாலும். தங்கச்சி எட்டிப் பார்த்து, "கோழிக்கறிச் சட்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று கடைசி ஆட்டத்தில் மருமகன் விட்ட பந்து ஒன்பதை விழுத்தி, வலது மூலையில் பத்தாம் இலக்கக் கட்டையைத் தனியே விட்டுவைத்தது. பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் பந்தை எடுத்தான். ஏன் என்று கேட்டேன். மூலைக் கட்டைக்கு வளைகிற பந்து ஆகாது, எண்ணெயோ காய்ந்ததோ கவனிக்காமல் நேரே போகிற பந்துதான் வேண்டும், உலகக் கிண்ணக்காரரும் பையில் ஒரு பிளாஸ்டிக் வைத்திருப்பார் என்றான். பிறகு பந்தை என் கையில் தந்துவிட்டான்.

"கட்டையப் பாக்காதீங்க மாமா. அந்தா, பாதையில அம்புக்குறி போட்டிருக்கில்ல, அதப் பாத்து விடுங்க."

விட்டேன். பந்து போகிறது, போகிறது, என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட இரண்டரை விநாடி வந்ததில்லை. கட்டையின் விலாவை உரசியது போலத்தான் இருந்தது. கட்டை ஒரு தரம் ஆடி, யோசித்து, விழுந்தது.

"பாசி முத்தத்துல நடக்கிற ஆளுக்கு இதெல்லாம் என்ன மாமா" என்றான் மருமகன்.