கச்சான் காற்றும் ஊவாத் தேயிலையும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோர்க்கு ஆடி மாதத்துக் கச்சான் காற்றை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நண்பகலில் அனலாய் வீசிப் படுவான்கரை வயல்களின் ஈரத்தை உறிஞ்சுவதும், எழுவான்கரை முற்றங்களில் மணலை வாரி இறைப்பதும் அதுவே. நிலக்கடலைக்கும் இப்பகுதியில் கச்சான் என்றே பெயர். அக்கச்சானை வெறுப்பார் எவருமிலர். ஆனால், காற்றுக் கச்சான் இங்கு வந்து சேருமுன் ஊவா மலைகளில் ஆற்றிவரும் அருஞ்செயலை அறிந்தவர் சிலரே.

தென்மேற்குப் பருவக்காற்று தான் சுமந்துவரும் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே பொழிந்துவிடுகின்றது. நீரிழந்து முகடு கடந்து கிழக்கே இறங்குங்கால், இறங்க இறங்கச் சூடேறுகின்றது. சமவெளியில் அது அனல். 1,200 மீற்றருக்கும் மேலே அமைந்த பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிலோ பகலில் வறட்சி, இரவில் குளிர். இவ்விரண்டுக்கும் நடுவே தேயிலைச் செடி தளிர்விடத் தயங்குகின்றது. விரைந்து வளராத அக்கொழுந்தில் மணச்சத்துத் திரள்கின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கப்படும் ஊவாத் தேயிலையில் நாசியைத் தொடும் அந்தத் தனித் தைலமணம் இவ்வாறு பிறப்பதே.

ஜேர்மனியின் மோசல் ஆற்றோரத் திராட்சை மலைகளுக்குச் செல்லும் பயணிகள் காண்பதும் ஏறத்தாழ இதையே. அக்குளிர்நாட்டில் றீஸ்லிங் என்னும் திராட்சை மெல்லப் பழுக்கின்றது. ஆகவே புளிப்புக் குன்றாது மணம் மிகுகின்றது. செங்குத்துச் சரிவிலுள்ள பலகைக் கற்கள் பகல் வெயிலைத் தேக்கி வைத்து இரவிலே கொடிகளுக்கு வழங்குகின்றன. நிலநடுக்கோட்டை அடுத்துள்ள இலங்கைக்கு அத்தகைய குளிரை அளிப்பது உயரமொன்றே. 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும் என்பர்.

செங்கலடியிற் புறப்படும் பதுளை வீதி மகாஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பசறையை அடைகின்றது. அதுவரை வியர்த்திருந்தவர் அங்கே சால்வையைத் தேடுவர். பதுளை கடந்து அப்புத்தளைக்கு மேலேறினால் தம்பேதன்னைத் தோட்டம். தோமஸ் லிப்டன் 1890 இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களுள் அதுவும் ஒன்று. வாட்டி, உருட்டி, பதமாகப் புளிக்கவிட்டு, உலர்த்தி முடிக்கும் தொழிலின் நறுமணம் ஆலையின் வாயிலிலேயே வரவேற்கும். அங்கே தேநீரைப் பாலின்றிப் பருகுதல் நன்று; பால் சேர்ந்தால் கச்சானின் கைவண்ணம் பாதி மறைந்துவிடும்.

எனினும் ஒன்று. மோசலிலே தன் நிலவறையில் தன் மதுவைத் தானே வார்த்துக் கொடுக்கும் குடியானவர் பலருளர். புட்டியிலும் அவர்தம் குடும்பப் பெயரே பொறித்திருக்கும். ஊவாத் தேயிலைப் பெட்டியில் லிப்டன் பெயர் இருக்கலாம், தோட்டத்தின் பெயர் இருக்கலாம்; கொழுந்து பறித்தவள் பெயர் இராது. தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தவள் அவள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. லயன் அறைகளில் வாழும் குடும்பங்கள் இன்றும் பல.

மணம் மிகும் பருவமே கொழுந்து குன்றும் பருவமும் ஆகும். கொழும்பில் 1883 முதல் நடந்துவரும் தேயிலை ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் அதே நாட்களில், மலையிலே கொழுந்துப் பை நிறைவது அரிது. நாட்கூலியோ நிறையைப் பொறுத்தது. ஆகையால் ஊவாவுக்குச் செல்வோர் ஆலையோடும் மலையுச்சிக் காட்சியோடும் திரும்பிவிடாது, கொழுந்து நிறுக்கும் வேளையில் தராசின் அருகே சற்று நிற்றல் வேண்டும். பையைக் கொளுவிவிட்டு முள்ளையே நோக்கி நிற்கும் பெண்களின் சேலைத்தலைப்பை அப்போதும் கச்சான் அலைத்துக்கொண்டிருக்கும்.