உழைப்பும் பிறப்பும்



உழைப்பவன் உயர்வான், சோம்பியிருப்பவன் தாழ்வான் என்று குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். அறநெறி என்ற அளவில் அது நன்றே. ஆனால் ஓர் ஊரில் சிலர் வளமுற்றதற்கும் பலர் வறுமையுற்றதற்கும் இது ஒன்றே விளக்கமாகிவிடுமா? வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இதனை எண்ணிப் பார்ப்பதற்கு, பாலக்காட்டுச் சீமை மிகப் பொருத்தமான இடமாகும்.

பாலக்காட்டு நகரத்திற்குக் கிழக்கே, தமிழகத்தின் எல்லையை நோக்கி விரியும் சமவெளியில் எலப்புள்ளி என்னும் ஊர் இருக்கிறது. நெல்வயலும் பனைமரமும் நிறைந்த நாடு அது. தமிழும் மலையாளமும் அங்கே கலந்து ஒலிக்கின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் அமையும் வரை, மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதியாக அச்சீமை சென்னை மாநிலத்தில் அடங்கியிருந்தது.

அந்நாட்டில் நிலம் படிப்படியாக அமைந்த உரிமைகளுக்கு உட்பட்டிருந்தது. உச்சியில் ஜன்மி, அவருக்குக் கீழே காணக்காரர், அவருக்கும் கீழே பாட்டக்காரர். இப்படிகளுள் எதிலும் இடம் பெறாமல் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களோ செருமர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்கள். நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் படும் அடிமைகளாக அவர்கள் முன்பு வாழ்ந்தனர். அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் 1843இல் நீக்கப்பட்டது. சட்டம் விடுதலை தந்தது, நிலத்தைத் தரவில்லை. யார் எந்தப் படியில் நிற்கலாம் என்பதைப் பிறப்பே பெரும்பாலும் வகுத்தது.

கல்வியின் கதையும் இத்தகையதே. இன்று விக்டோரியா கல்லூரி என விளங்கும் நிலையம் 1866இல் பாலக்காட்டில் பள்ளியாகத் தோன்றியது. ஆங்கிலக் கல்வி வீட்டு வாயிலுக்கே வந்தது எனலாம். ஆனால் யாருடைய வீட்டு வாயிலுக்கு? அதே நகரத்தின் கல்பாத்தியில், அக்கிரகாரத் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் ஈழவர் முதலானோர் கிளர்ச்சி செய்ய நேர்ந்தது. தெருவில் நடப்பதே வழக்காகிவிட்டபோது, பள்ளிக்குச் செல்லும் வழி எல்லோருக்கும் ஒரே நீளமாக இருந்திருக்க முடியுமா?

அக்கிரகாரத்துப் பிள்ளைகள் ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் கற்று, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் சென்றனர். கணக்கராகவும் எழுத்தராகவும் அமர்ந்து, திறமையாலும் நேர்மையாலும் நற்பெயர் ஈட்டினர். அவர்களிலும் ஏழைகள் பலர் இருந்தனர். கரண்டி பிடித்துப் பிழைத்தோரும் உண்டு. அவர்களது உழைப்பைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. எனினும் ஒன்றை மறக்கலாகாது. எந்தச் சமையலறைக்குள்ளும் தடையின்றி நுழையக் கூடிய பிறப்பே, கையில் காசில்லாத அந்த ஏழைக்கும் ஒரு முதலாக உதவியது. அவரைப் போலவே பசித்திருந்த வயல் தொழிலாளிக்கு அந்த முதல் கிடையாது.

இனி நிலச் சீர்திருத்தத்திற்கு வருவோம். 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969இல் திருத்தப்பெற்று, 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை ஒழித்தது. நாடே வியந்த செயல் அது. பாட்டக்காரர் நில உடைமையாளரானார். ஆனால் வயலில் கூலிக்கு உழைத்தவர் பாட்டக்காரர் அல்லரே! அவருக்குக் கிடைத்தது ‘குடிகிடப்பு’ உரிமை. அதாவது குடிசை இருந்த மனை. கிராமங்களில் அதன் உச்ச அளவு 10 சென்டு. நிலம் இழந்த ஜன்மியின் மகனுக்குக் கல்வி கைகொடுத்தது. பாட்டக்காரருக்கு வயல் கைகொடுத்தது. கூலியாளுக்கோ ஒரு கூரையின் நிழலே எஞ்சியது. சட்டம் சாதி பார்த்து வழங்கவில்லை. ஆனால் சட்டம் வந்த நாளில் ஒவ்வொருவரும் நின்ற இடத்தைச் சாதி முன்னரே குறித்து வைத்திருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலை வழியே தெற்கே சென்றால், இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் இதனினும் கடுமையான நிலையைக் காணலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து கிள்ளும் தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அவர்கள் குடியிருக்கும் லயங்கள் தோட்டத்திற்கு உரியவை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர் ‘பெண்பிளை ஒருமை’ எனத் தாமே திரண்டு, போனசுக்காகவும் கூலி உயர்வுக்காகவும் சாலையில் அமர்ந்தபோது, அவர்களது நாட்கூலி 232 ரூபாய். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். வேறிடத்தில் வீடு கட்ட ஒரு துண்டு நிலம் சொந்தமாக இருந்திருந்தால், அவர்களுள் எத்தனை பேர் அந்தச் சரிவின் அடியில் உறங்கியிருப்பார்கள்?

இங்கேதான் வேற்று மாநிலத் தமிழர் அனைவரும் கருத வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அரசியலமைப்பின் 341ஆம் பிரிவு, பட்டியல் சாதிகள் இவை என ஒவ்வொரு மாநிலத்தையும் பொறுத்துத் தனித்தனியே குறிக்குமாறு விதிக்கிறது. ‘அம்மாநிலத்தைப் பொறுத்தவரை’ என்பதே அதன் வாசகம். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அது தமிழில் இரண்டே சொல். ஆனால் எத்தனையோ குடும்பங்களின் எதிர்காலம் அவ்விரு சொற்களில் தொங்குகிறது. முதல் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளிவந்தது. அந்நாளில் தம் முன்னோர் எம்மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தனர் என்பதை ஒருவர் காட்ட வேண்டும். காட்ட இயலாதவர், தாம் பிறந்து வளர்ந்த மாநிலத்திலேயே அச்சலுகையைப் பெறுவது அரிது. தமிழகத்திலும் கேரளத்திலும் ஒரே சாதிப் பெயர் பட்டியலில் இருந்தாலும், பிற்காலத்தில் குடியேறியவருக்கு அது பயன்படுவதில்லை.

ஒரு மாநிலத்தில் ஒரு சாதிக்குள்ள தாழ்வு மற்றொரு மாநிலத்திலும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ள முடியாது என 1990இல் உச்ச நீதிமன்றம் காரணம் கூறியது. 2018இலும் அந்நிலையை உறுதி செய்தது. பொது நோக்கில் அதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லையைத் தாண்டிச் சில கல் தொலைவில் அதே வரப்பில் அதே வேலையைச் செய்பவருடைய தாழ்வு, எல்லைச் சாவடியில் இறங்கி நின்றுவிடுவதில்லை. 2017இல் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த கோவிந்தாபுரத்தில், சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமைக் கொடுமை குறித்து முறையிட்டன. இழிவு உடன் வருகிறது. பரிகாரம் மட்டும் பின்தங்கிவிடுகிறது.

அரசு செய்ய வேண்டியவை பல. நாம் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. சொந்த மாநிலத்தில் பெற்ற சாதிச் சான்றிதழ் மத்திய அரசுப் பணிகளுக்கும் மத்தியக் கல்வி நிலையங்களுக்கும் செல்லும். கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வந்துள்ள நம்மவர் பலர் இதனை அறியார். பாட்டனாரின் பழைய பத்திரமோ பள்ளிப் பதிவோ பெட்டியின் அடியில் மக்கிப் போகவிடுகின்றனர். நகரந்தோறும் நமக்குத் தமிழ்ச் சங்கங்கள் உள்ளன. பொங்கல் விழாவிற்குத் திரட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை, ஓர் ஏழைக் குடும்பத்தின் விண்ணப்பத்தை எழுதித் தருவதற்கும், தாசில்தார் அலுவலகத்திற்குக் கடிதம் போடுவதற்கும் செலவிடலாகாதா?

நம்முள் எழுதப் படிக்க வாய்ப்புப் பெற்றவர்கள், அவ்வாய்ப்பு முழுவதும் நம் உழைப்பின் கூலி என்று கருத வேண்டா. நம் பாட்டனார் நின்ற படியும் அதில் சேர்ந்திருக்கிறது. அப்படி நிற்க இடமே பெறாதவரின் பேரப்பிள்ளை இன்று நம் தெருவில் செங்கல் சுமக்கலாம். அவருக்காக எழுதித் தரும் ஒரு விண்ணப்பத்தை, தருமம் என்று எண்ணாமல் நெடுநாள் நிலுவையில் நிற்கும் கடன் என்று எண்ணுவோமாக.