படம் இல்லாத ஆபத்து: ஐரோப்பிய லேபிள்ல என்ன மாறுது?

இன்னிக்கு ஒரு லேபிளைப் பத்திப் பேசப் போறோம். ஐரோப்பாவுல விக்கிற கிளீனர், பெயின்ட், பசை டப்பாக்கள் பலதுல சிவப்பு பார்டர் போட்ட ஒரு டைமண்ட் இருக்கும். உள்ள நெருப்பு, மண்டையோடு, செத்த மீன்னு ஏதாவது ஒரு படம். அங்க பேசுற மொழி தெரியாதவங்களுக்கும் அந்தப் படம் புரியும்.

இந்தப் படங்கள் ஐ.நா.வோட ஜி.எச்.எஸ். முறையிலேர்ந்து வந்தவை. நம்ம பாஷையில சொன்னா அது ஒரு ஸ்பெக். அதை ஐரோப்பிய ஒன்றியம் தன்னோட சட்டமா இம்ப்ளிமென்ட் பண்ணினதுதான் சி.எல்.பி. 2009 ஜனவரியிலேர்ந்து அது அமல்ல இருக்கு.

2023 ஏப்ரல்ல இதுல ஒரு பெரிய மாற்றம் வந்துச்சு. ஸ்பெக்ல இல்லாத புது ஆபத்து வகைகளை ஐரோப்பா தானே சேர்த்துக்கிச்சு. ஒண்ணு, ஹார்மோன் சுரப்பு மண்டலத்தைக் குழப்புற பொருட்கள். இன்னொண்ணு, சிதையாம உடம்புல சேர்ந்துக்கிட்டே போற பொருட்கள். மூணாவது, சிதையாம தண்ணியோட ரொம்ப தூரம் பயணம் பண்ணி, குடிநீர் வரைக்கும் போகக்கூடியவை.

இது ஏன் தேவைப்பட்டுச்சு? பிஸ்ஃபீனால் ஏ-வை எடுத்துக்கோங்க. அது மனிதர்களோட ஹார்மோனைப் பாதிக்கும்னு ஹெல்சிங்கியில இருக்கிற ஐரோப்பிய ரசாயன முகமை 2017-லயே ரீச்ங்கிற வேற ஒரு சட்டத்துக்குக் கீழ அங்கீகரிச்சுடுச்சு. ஆனா லேபிள்ல 'ஹார்மோன்'னு எழுத சி.எல்.பி.ல இடமே கிடையாது. இப்போ இடம் வந்துடுச்சு. புதுசா சந்தைக்கு வர்ற தனிப் பொருட்களுக்கு 2025 மே 1 முதல் இது கட்டாயம். புதுக் கலவைகளுக்கு 2026 மே 1. ஏற்கெனவே விற்பனையில இருக்கிற கலவைகளுக்கு 2028 மே 1 வரைக்கும் அவகாசம்.

சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. இந்தப் புது வகைகளுக்குப் படம் கிடையாது! படங்கள் ஐ.நா. முறைக்குச் சொந்தம், அங்க இந்த வகைகள் இன்னும் இல்ல. அதனால லேபிள்ல 'அபாயம்' இல்லன்னா 'எச்சரிக்கை'ங்கிற ஒரு சொல், அதோட ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. டைமண்ட் படம் குறைஞ்சது ஒரு சதுர சென்டிமீட்டராவது இருக்கணும்னு சி.எல்.பி. சொல்லுது. ஆனா எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்னு ரொம்ப நாள் எண்ணே இல்ல. 'சுலபமா படிக்க முடியணும்', அவ்வளவுதான். 2024 டிசம்பர்ல அமலுக்கு வந்த திருத்தம்தான் அதுக்கு மில்லிமீட்டர்ல அளவு வெச்சுது. அரை லிட்டர் வரைக்கும் உள்ள டப்பாவுக்கு 1.2 மில்லிமீட்டர்.

அதுவும் நிலைக்கல. 2025 ஜூலையில, அந்த அளவுகளை எடுத்துட்டு பழையபடி 'படிக்க முடிஞ்சா போதும்'னு வெச்சுக்கலாம்னு ஐரோப்பிய ஆணையமே முன்மொழிஞ்சுது. கம்பெனிங்க தரப்புல நியாயம் இல்லாம இல்ல. ஒரு சின்ன பாட்டில்ல மூணு நாலு மொழி போடணும், எல்லா லேபிளையும் மறுபடி டிசைன் பண்ணணும். செலவுதான்.

ஆனா என் கேள்வி இதுதான்: நெருப்புப் பிடிக்கிற ஆபத்துக்குப் படமும் உண்டு, அந்தப் படத்துக்கு அளவும் உண்டு. வருஷக்கணக்கில மெதுவா வேலை காட்டுற ஆபத்துக்கு ஒரு வாக்கியம் மட்டும்தான். அந்த வாக்கியத்துக்கு அளவு வேண்டாம்னா, அந்த வகையைச் சேர்த்ததே யாருக்காக? டேட்டாபேஸ்ல ஒரு காலம் சேர்த்துட்டு ஸ்கிரீன்ல காட்டாம விடுற மாதிரிதான் இது. டெவலப்பருக்குத் திருப்தி, யூஸருக்கு ஒண்ணும் தெரியாது.

ஐரோப்பாவுல இருந்து கேக்கிறவங்க, அதுவும் கிளீனிங், பெயின்டிங் வேலையில இருக்கிறவங்க, இனிமே டைமண்டைப் பாத்ததும் நிறுத்திடாதீங்க. பக்கத்துல இருக்கிற பொடி எழுத்தையும் படிங்க. மொழி புரியலன்னா போன்ல போட்டோ எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்க.

உங்க கருத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.