பதினேழு வயதில் போடப்படும் கணக்கு



இன்றைய மன்றம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்றுத் தொலைவில் உள்ளது. அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் ஆட்டத்தைப் பார்த்து, 'கல்லூரியில் இவன் பெரிய ஆட்டக்காரனாக வருவான்' என்று முன்கூட்டியே மதிப்புப் போடுகிறார்களே, அந்த வழக்கம் பற்றியது. அந்த மதிப்பு எவ்வளவு தூரம் பலிக்கிறது, பலிக்காத இடத்தில் ஏன் பலிக்கவில்லை என்பதுதான் கேள்வி.

அங்கே காற்பந்து என்றால் காலால் உதைக்கும் ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், தூர எறிந்தும், எதிராளியை மோதித் தள்ளியும் ஆடுவது. ரக்பி பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓரளவு பிடிபடும். பதினொரு பேர் கொண்ட அணியில் குவாட்டர்பேக் என்பவர்தான் மூளை. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கு வருகிறது. எதிரணியின் மலை போன்ற ஆட்கள் பாய்ந்து வந்து விழுவதற்குள், சுமார் மூன்று நொடிக்குள், யாருக்கு எறிவது, எறியாமல் ஓடுவதா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும்.

உயர்நிலைப்பள்ளிகளில் இந்த ஆட்டத்தை ஆடும் பிள்ளைகள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். கல்லூரி ஆட்டத்தின் மேல் தட்டில் உள்ள பல்கலைக்கழகங்களோ 130க்குச் சற்று மேல். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு குவாட்டர்பேக்கை, மிஞ்சினால் இருவரைத்தான் பள்ளியிலிருந்து சேர்த்துக்கொள்ளும். இடம் கிடைத்தவனுக்கு முழு உபகாரச் சம்பளம். கல்லூரிக் கட்டணம் எட்டாத குடும்பத்துக்கு அது எத்தகைய வரம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கவும் வழி பிறந்தது. 2025இல் ஏற்பட்ட நீதிமன்றத் தீர்வுக்குப் பின், ஒரு பல்கலைக்கழகம் தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்குமாக முதல் ஆண்டில் 20.5 மில்லியன் அமெரிக்க வெள்ளி வரை நேரடியாகவே கொடுக்கலாம் என்றாயிற்று. ஆகவே, பதினேழு வயதுப் பையனுக்குப் போடப்படும் மதிப்பு இன்று வெறும் பேச்சன்று, அதற்கு விலை உண்டு.

மதிப்பை எப்படிப் போடுகிறார்கள்? ரைவல்ஸ், 247 ஸ்போர்ட்ஸ், இஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்களின் ஆட்கள் ஆட்ட ஒளிப்பதிவுகளைப் பார்க்கிறார்கள், கோடைக்கால முகாம்களுக்குப் போகிறார்கள். உயரம், எடை, கை வலிமை, ஓட்ட வேகம் எல்லாம் அளக்கப்படுகின்றன. முடிவில் இரண்டு முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள். ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள், எல்லா ஆட்ட நிலைகளையும் சேர்த்தே, ஆண்டுக்கு 30 பேர் அளவுதான். மூன்று நட்சத்திரக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேல். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று ஒரு பையனைத் தேடி வந்துவிட்டால், அவனுடைய நட்சத்திரமும் கூடிவிடுவதுண்டு. பெரிய இடத்தார் பெண் கேட்டு வந்த பிறகு, அந்தப் பெண்ணின் அழகு ஊரார் கண்ணுக்குத் தெரிவது போல!

இந்த நட்சத்திரக் கணக்கெல்லாம் பொய் என்று அடித்துப் பேசுவோர் உண்டு. அவர்கள் கையில் எடுப்பது டாம் பிராடியின் கதை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடக்கத்தில் வரிசையின் கடைசிப் பக்கம் நின்றவர். 2000ஆம் ஆண்டு தொழில்முறை அணிகளின் தேர்வில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். பின்னர் ஏழு முறை சூப்பர் பௌல் வென்றவர். கேட்க இனிமையான கதைதான். ஆனால் அதை வைத்து நட்சத்திரத்தைக் குப்பையில் போடுவது சரியன்று. ஆயிரம் பேரில் பத்துப் பேர் முன்னுக்கு வந்தாலும் பத்துக் கதைகள் கிடைக்கும். முப்பது பேரில் பத்துப் பேர் வந்தாலும் அதே பத்துக் கதைகள்தாம். எண்ணிக்கை ஒன்று, விகிதம் வேறு.

கல்லூரி ஆட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருது ஹெய்ஸ்மன். 2017 முதல் 2025 வரை அதை வென்ற குவாட்டர்பேக்குகள் எழுவர்: பேக்கர் மேஃபீல்டு, கைலர் மரே, ஜோ பர்ரோ, பிரைஸ் யங், கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், ஃபெர்னாண்டோ மென்டோசா. இவர்களில் மரே, யங், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் பள்ளியில் ஐந்து நட்சத்திரம் பெற்றவர்கள். ஆண்டுக்குச் சிலரே பெறும் நட்சத்திரத்திலிருந்து எழுவரில் மூவர் என்றால், மதிப்பிட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டதாகச் சொல்ல முடியுமா? முடியாது.

அப்படியானால் குறை எங்கே?

கேம் வார்டு என்ற இளைஞரைப் பார்க்கலாம். டெக்சஸ் மாநிலத்தில் அவர் படித்த பள்ளியின் அணி, பந்தை எறிவதைவிடக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதையே நம்பிய அணி. பழைய பாணி ஆட்டம். எறியத் தெரிந்த பையனுக்கு எறிவதற்கே வாய்ப்பு அரிது. எறியாதவனின் எறிதிறனை ஒளிப்பதிவில் எப்படிப் பார்ப்பது? அவருக்கு நட்சத்திரம் ஒன்றுகூடக் கிட்டவில்லை. இன்கார்னேட் வேர்டு என்ற சிறிய பல்கலைக்கழகம் மட்டும் இடம் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், அங்கிருந்து மியாமி. 2025ஆம் ஆண்டு தொழில்முறைத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர்தான். பள்ளியின் பாணி அவரை மறைத்து வைத்திருந்தது.

இதற்கு நேர்மாறாக, பள்ளியின் பாணி ஒருவரை உள்ளதைவிடப் பெரியவராகக் காட்டுவதும் உண்டு. வலுவான பள்ளி அணியின் பையனைச் சுற்றி நல்ல ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். அவன் மேல் யாரும் பாய்ந்து விழ முடியாது. கோடைக்காலப் போட்டிகளில் ஏழு பேருக்கு ஏழு பேர் என ஆடுவார்கள்; அதில் பாய்ந்து வரும் ஆளே கிடையாது. நிமிர்ந்து நின்று அழகாக எறியலாம். ஒளிப்பதிவும் அழகாக இருக்கும். கல்லூரிக்குப் போனதும், எதிரணியின் தற்காப்பு ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் செய்கிறது. ஆள் இல்லை என்று எறிந்த இடத்தில் ஆள் நிற்கிறான். இந்தக் குழப்பத்தைத் தாங்கும் தன்மையை அளக்க எந்த நாடாவும் இல்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. ஓடுபவர், பந்தைப் பிடிப்பவர், தடுப்பவர் எல்லாரையும் மாற்றி மாற்றிக் களமிறக்கலாம். குவாட்டர்பேக் ஒருவர்தான். அவர் தடுமாறாத வரை அடுத்தவர் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 2016இல் ஜேக்கப் ஈசன் என்ற ஐந்து நட்சத்திரக்காரர் அங்கே சேர்ந்தார். 2017இன் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டது. அந்த இடத்தில் இறங்கிய ஜேக் ஃபுரோம் பிறகு இடத்தை விடவில்லை. ஈசன் வேறு பல்கலைக்கழகம் போனார். 2018இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் வந்தார். நாட்டிலேயே முதல் இரண்டு மூன்று பேருக்குள் வைக்கப்பட்ட பையன். அவருக்கும் ஃபுரோமைத் தாண்ட முடியவில்லை. ஓராண்டில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறி அங்கே பெயர் பெற்றார். 2020இல் ஜே.டி. டேனியல்ஸ் என்ற இன்னோர் ஐந்து நட்சத்திரக்காரர், கலிஃபோர்னியாவிலிருந்து மாறி வந்தார். அவருக்கும் 2021இல் காயம்.

அப்போது களமிறங்கியவர் ஸ்டெட்சன் பென்னட். ஜார்ஜியாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து 2017இல் உபகாரச் சம்பளம் எதுவுமின்றி, தாமாகவே வந்து அணியில் ஒட்டிக்கொண்டவர். ஆறடிக்கும் குறைந்த உயரம். பயிற்சியின்போது எதிரணி ஆட்டக்காரரைப் போல நடித்துக் காட்டுவதே அவருடைய முதல் வேலையாக இருந்தது. இடம் கிடைக்காது என்று கண்டு மிசிசிப்பியில் ஓர் ஈராண்டுக் கல்லூரிக்குப் போய்விட்டு, 2019இல் திரும்பினார். 2022 ஜனவரியில் அலபாமாவை 33–18 என்று வீழ்த்தி, 1980க்குப் பிறகு ஜார்ஜியாவுக்கு முதல் தேசிய வெற்றியைத் தேடித் தந்தார். மறு ஆண்டும் வெற்றி. இறுதி ஆட்டத்தில் 65–7.

நட்சத்திரம் பெற்ற மூவரும் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருளா? அன்று. ஃபீல்ட்ஸ் பின்னர் தொழில்முறைத் தேர்வின் முதற்சுற்றிலேயே எடுக்கப்பட்டார். பென்னட்டைச் சுற்றி நின்றவர்களில் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் நிறைந்திருந்தனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. பையனின் திறமையை மதிப்பீடு ஓரளவு சரியாகவே சொல்லிவிடுகிறது. அவன் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி, அங்கே யாருக்குப் பின்னால் நிற்கப் போகிறான், யாரிடம் கற்கப் போகிறான், உடம்பு ஒத்துழைக்குமா என்பதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. குவாட்டர்பேக்கின் வாழ்வைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த இரண்டாவது பாதிதான்.

ஜோ பர்ரோவின் கதையில் இது பளிச்சென்று தெரியும். ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்றாண்டு காத்திருந்தும் முதலிடம் கிட்டவில்லை. 2018இல் லூசியானா ஸ்டேட்டுக்கு மாறினார். அவ்வாண்டு அவர் எறிந்து கிடைத்த டச்டவுன்கள் 16. பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஆட்டம், அவ்வளவே. அடுத்த ஆண்டு ஜோ பிராடி என்ற இளம் பயிற்றுநர் புதிய எறிமுறையோடு வந்து சேர்ந்தார். 2019இல் டச்டவுன்கள் 60! ஆடிய 15 ஆட்டங்களிலும் வெற்றி, ஹெய்ஸ்மன் விருது, தேசிய வெற்றி, அடுத்த ஏப்ரலில் தொழில்முறைத் தேர்வில் முதலிடம். அதே கை, அதே கால். 2018 முடிவில் அவரை எடைபோட்டவர் என்ன எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

குவின் யூவர்ஸ் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். மதிப்பீட்டில் முழு மதிப்பெண்ணும் பெற்ற அபூர்வப் பிள்ளை. பள்ளியின் இறுதியாண்டையே விட்டுவிட்டு 2021இல் ஒஹாயோ ஸ்டேட் போனார். ஆடவே வாய்ப்பில்லாமல் டெக்சஸ் பல்கலைக்கழகம் திரும்பினார். அங்கே அணியை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் போட்டியின் அரையிறுதிக்குக் கொண்டு சென்றார். 2025 தொழில்முறைத் தேர்விலோ 231ஆவது ஆள். உடனே 'ஏமாற்றம்' என்று எழுதினார்கள். அரையிறுதிக்கு இருமுறை போன பையன் எவ்வகையில் ஏமாற்றம்? முழு மதிப்பெண் போட்டது அவர் அல்லரே! எதிர்பார்ப்பைச் சுமத்தியவர்கள் ஒருபுறம் இருக்க, அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் அவராகிவிட்டார்.

அளப்பவரின் கண்ணிலேயே கோணல் இருந்த காலமும் உண்டு. கறுப்பின இளைஞர்களுக்கு ஓட வரும், சிந்தித்து வழிநடத்த வராது என்ற எண்ணம் அங்கே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. வாரன் மூன் 1978 ஜனவரியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ரோஸ் பௌல் வென்று தந்தவர். அவ்வாண்டுத் தேர்வில் ஒரு தொழில்முறை அணியும் அவரை எடுக்கவில்லை. கனடா சென்றார், எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து முறை அந்நாட்டுக் கிண்ணத்தை வென்றார், பின்னரே அமெரிக்க அணிகள் கதவைத் திறந்தன. 2006இல் புகழ்மாடத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் அவர். அதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியவில்லை. 2016இல் ஹெய்ஸ்மன் வென்ற லமார் ஜாக்சனைப் பார்த்து, 'பந்தைப் பிடிப்பவராக மாறிவிடலாமே' என்று 2018இல்கூடப் பொதுவில் யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். தொழில்முறை ஆட்டத்தின் ஆகச் சிறந்தவர் விருதை அவர் 2019இலும் 2023இலும் பெற்றார்.

முன்னே சொன்ன ஏழு ஹெய்ஸ்மன் வெற்றியாளர்களில், முதலில் சேர்ந்த பல்கலைக்கழகத்திலேயே இருந்து விருதைப் பெற்றவர் பிரைஸ் யங் ஒருவர்தான். மற்ற அறுவரும் இடம் மாறியவர்கள். 2021 வசந்தம் வரை, மாறுகிறவர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அது தளர்ந்தபின் ஆண்டுதோறும் ஏராளமானோர் மாறுகிறார்கள். தவறான இடத்தில் சிக்கிக்கொண்ட பையனுக்கு இது விடுதலை, ஐயமில்லை. ஆனால் பயிற்றுநர்களும் கணக்கை மாற்றிக்கொண்டார்கள். பதினேழு வயதுப் பையனை எடுத்து மூன்றாண்டு வளர்ப்பானேன், வேறிடத்தில் ஆடிப் பழகிய இருபத்திரண்டு வயதுக்காரரை அழைத்துக்கொண்டால் போயிற்று என்று நினைக்கிறார்கள். மதிப்பீட்டின் சிக்கல் அவர்களுக்குக் குறைந்தது. நட்சத்திரம் குறைவாகப் பெற்ற பள்ளிப் பிள்ளைக்கோ இருந்த கொஞ்சம் இடமும் சுருங்கியது.

2025 டிசம்பரில் ஹெய்ஸ்மன் விருதைப் பெற்ற ஃபெர்னாண்டோ மென்டோசாவும் பள்ளியில் அதிகம் பேசப்படாத பையன்தான். ஆட்டத்துக்கென உபகாரச் சம்பளமே கொடுக்காத யேல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக முதலில் ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கிருந்து இண்டியானாவுக்கு மாறி, அங்கே ஆடிய முதல் பருவத்திலேயே விருது. அப்போது அவருக்கு வயது 22.