மணி அடிப்பதற்கு முன்னால்



தொலைபேசியில் எண்களை அழுத்துகிறோம். சில வினாடிகளில் ஈப்போவில் இருக்கும் மகளின் தொலைபேசி மணி அடிக்கிறது. அந்தச் சில வினாடிகளில் நாம் வாய் திறப்பதில்லை. ஆனால் நமக்காகத் தொலைபேசி நிலையங்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகின்றன. கூப்பிடுவது யார், கூப்பிடப்படுபவர் எங்கே, வழி காலியாக இருக்கிறதா, கட்டணத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் அடங்கும். இதற்குச் சமிக்ஞை என்று பெயர். அந்தப் பேச்சின் விதிமுறைகளைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தோட்டத்து ஆபீசில் ஒரே ஒரு தொலைபேசி இருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். அதற்கும் முந்திய நாட்களில் சமிக்ஞை மனிதர் வாயால் நடந்தது. கிராணி கருவியை எடுத்தால் பட்டணத்து நிலையத்தில் அடையாளம் தெரியும். ஆப்பரேட்டர் எண்ணைக் கேட்டு, கம்பியை உரிய துளையில் செருகுவார். அவர் நல்லவராக இருந்தால் வேலை நடக்கும். அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் சவ அடக்க ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவருக்கு அந்த நம்பிக்கை இல்லை. தமக்கு வரும் அழைப்புகளை ஆப்பரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுவதாக அவர் சந்தேகப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஆள் இல்லாமல் தானே இணைக்கும் இயந்திரத்துக்கு அவர் 1891-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இந்தியானா மாநிலத்து லா போர்ட் என்ற ஊரில் அப்படியொரு நிலையம் திறக்கப்பட்டது.

பின்னால் வந்த சுழல் வட்டுத் தொலைபேசியை நினைவுபடுத்திக்கொள்வோம். 5 என்ற துளையில் விரலை வைத்துச் சுழற்றி விட்டால் வட்டு ‘கிர்ர்’ என்று திரும்பும். திரும்பும்போது கம்பியில் ஓடும் மின்சாரத்தை ஐந்து முறை வெட்டி வெட்டிச் சேர்க்கும். சுழியத்துக்குப் பத்து வெட்டு. ஒரு வினாடிக்கு ஏறத்தாழ பத்து வெட்டுகள். ஒவ்வொரு வெட்டுக்கும் நிலையத்தில் உள்ள இயந்திரம் ஒரு படி ஏறும். அவ்வளவுதான் அந்த மொழி.

இந்த மொழியைக் காற்றும் பேசும். வெளியில் தொங்கும் இரண்டு கம்பிகள் காற்றில் உரசிப் பிரிந்தால், இயந்திரம் அதை ‘ஒன்று’ என்று எண்ணிக்கொள்ளும். 1937-இல் லண்டனில் அவசர உதவிக்கு எண் தேடியபோது 111-ஐ ஒதுக்கியதற்கு இதுவும் காரணம். ஒவ்வொரு புயலுக்கும் போலீசாருக்கு மணி அடித்திருக்கும். அதனால் 999 வந்தது. நம் நாட்டிலும் அவசரத்துக்கு அதே எண்தான்.

1963-இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்கள் ஒலிக்கும். ஒன்று அது இருக்கும் வரிசையைச் சொல்லும், மற்றது நிற்கும் பத்தியைச் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் எண். ஒற்றைச் சுரமாக இருந்தால், மனிதக் குரல் தற்செயலாக அதே சுரத்தில் வந்து இயந்திரத்தை ஏமாற்றிவிடலாம் அல்லவா?

நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையில் இந்தக் கவனம் போதவில்லை. அமெரிக்காவின் நெடுந்தூரக் கம்பிகளில் வினாடிக்கு 2600 அதிர்வுள்ள ஒரு சுரம் ஒலித்தால் ‘கம்பி சும்மா இருக்கிறது’ என்று பொருள். அந்தச் சுரமும் நம் பேச்சும் ஒரே கம்பியில் போயின. ஜோ எங்ரேசியா என்ற பார்வையற்ற சிறுவன் அந்தச் சுரத்தை வாயாலேயே சீட்டியடித்தான். கேப்டன் கிரஞ்ச் என்ற காலைச் சிற்றுண்டிப் பெட்டியில் இனாமாக வைத்த பொம்மை ஊதலும் அதே சுரத்தைத் தந்தது. கட்டணமில்லா எண் ஒன்றைக் கூப்பிட்டு இதை ஊதினால், தூரத்து நிலையம் அழைப்பு முடிந்துவிட்டதாக நினைத்து அடுத்த எண்ணுக்குக் காத்திருக்கும். கட்டணம் எழுதும் உள்ளூர் நிலையமோ இலவச அழைப்பு இன்னும் நடப்பதாகவே நினைக்கும். பிறகு உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் காசில்லாமல் பேசலாம். 1971-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை இதை அம்பலமாக்கியது. பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய வாஸ்னியாக்கும் ஜாப்சும் அதைப் படித்துவிட்டு அந்தச் சுரங்களை எழுப்பும் பெட்டிகளைச் செய்து விற்றார்கள். திருட்டு திருட்டுத்தான். ஆனாலும் பூட்டுக்கு மேலேயே சாவியைத் தொங்கவிட்டவர்களை நம்மால் முழுக்கப் பரிதாபப்பட முடியவில்லை.

கட்டளையைப் பேச்சிலிருந்து பிரித்து, தனி வழியில் அனுப்புவதே இதற்குப் பரிகாரமாயிற்று. அமெரிக்காவில் 1976-இல் இது தொடங்கியது. 1980-இல் ஏழாம் எண் சமிக்ஞை முறை என்ற பன்னாட்டு விதிமுறை வகுக்கப்பட்டது. இதைத் தோட்டத்து வழக்கிலேயே சொல்லலாம். பழைய முறையில், ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்க லோரியையே அனுப்பினார்கள். அவர் இல்லாவிட்டால் லோரி வெறுமனே திரும்பும். அதுவரை பாதையும் அடைபட்டிருக்கும். புதிய முறையில் முதலில் சைக்கிளில் ஒரு பையன் ஒற்றையடிப் பாதையில் போகிறான். “இன்ன எண்ணுக்கு அழைப்பு” என்ற சீட்டு அவன் கையில் இருக்கிறது. “ஆள் இருக்கிறார், மணி அடிக்கிறது” என்று பதில் சீட்டு வரும். அவர் எடுத்ததும் “எடுத்துவிட்டார்” என்று இன்னொரு சீட்டு. அந்த வினாடியிலிருந்துதான் கட்டணம் ஓடும். வைத்ததும் “வழியை விடு” என்று ஒன்று, “விட்டாயிற்று” என்று மற்றொன்று. மறுபுறம் வேறு பேச்சில் இருந்தால், நமக்கு அருகிலுள்ள நிலையமே ‘எங்கேஜ்’ ஒலியைத் தந்துவிடும். நெடுந்தூர வழி வீணாவதில்லை.

பையன்களால் குழப்பமும் வரலாம். 1990 ஜனவரி 15-ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு நிலையம் பழுதாகி, தன்னைச் சரிசெய்துகொண்டு, அண்டை நிலையங்களுக்குச் செய்தி அனுப்பியது. முதல் செய்தியைப் பதிந்துகொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தால், அந்த அண்டை நிலையமும் தடுமாறித் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி கணினி நிரலில் ஒரு பிழை இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்றாக ஏடி அண்ட் டி நிறுவனத்தின் 114 நிலையங்களும் ஒன்பது மணி நேரம் தள்ளாடின.

இதைவிட நமக்கு நேராகத் தொடர்புடைய ஒரு குறை உண்டு. ஏழாம் எண் முறை வகுக்கப்பட்டபோது, தொலைபேசி நடத்தியவை அரசாங்க இலாகாக்களும் சில பெரிய நிறுவனங்களுமே. ஒருவர் சீட்டை மற்றவர் நம்பினார்கள். கையெழுத்தைச் சரிபார்க்கும் வழக்கமே வைக்கவில்லை. பிறகு அந்த ஒற்றையடிப் பாதையில் எத்தனையோ பேர் நுழைந்துவிட்டார்கள். 2017-இல் ஜெர்மனியில், வங்கிக் கடவுச்சொற்களை முன்பே களவாடியிருந்த திருடர்கள், இந்த முறையின் வழியாக வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய குறுஞ்செய்தி எண்களைத் தங்கள் பக்கம் திருப்பிப் பணத்தை எடுத்தார்கள். நம் நாட்டில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணை விட்டு வேறு பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்கு 2022 செப்டம்பரில் சொன்னது.

நம் தொலைபேசித் திரையில் தெரியும் எண்ணும் அப்படிப்பட்ட சீட்டுத்தான். அனுப்புகிறவர் எழுதியதை நம் தொலைபேசி காட்டுகிறது. போலீஸ் நிலையத்து எண் தெரிந்தாலும் பேசுவது போலீஸ் என்று ஆகாது. வங்கியிலிருந்து என்று சொல்லிக்கொண்டு வந்தால், வாதாடாமல் வைத்துவிடுங்கள். வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே அழுத்துங்கள். அப்போது அழைப்பு உங்களிடமிருந்து புறப்பட்டு, நீங்கள் அழுத்திய எண்ணைத் தேடிப் போகிறது. திரையில் யாரோ எழுதிய எண்ணை நம்பும் வேலை இல்லை. பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழுத்துங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு.