மடை திறக்கிற நாளிலே மௌனம் எதற்கு?

பட்டிமன்றத் தலைப்பு: மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு மூடியிருக்கிறதா? திறந்திருக்கிறதா?
இடம்: ஸ்ரீவைகுண்டம்
‘திறந்தே இருக்கிறது’ என்ற அணியில் ஆற்றிய உரை



எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். “அறுபது சதவீதம் வாங்கின பையனை எந்தக் கல்லூரி ஐயா வாசலிலே நிறுத்திக் கும்பிடு போட்டுக் கூப்பிடுகிறது?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கும்பிடு போட்டு யாரும் கூப்பிட மாட்டார்கள். தொண்ணூற்றெட்டு வாங்கினவன் வீட்டுக்குத்தான் மாலையோடு வருவார்கள். ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பு என்ன? கதவு திறந்திருக்கிறதா என்பதுதான். மாலை போடுகிறார்களா என்பதில்லை! (சிரிப்பு)

இந்தத் தலைப்பிலே பேச வருகிறவர்கள் எல்லோரும் கணித மேதை ராமானுஜனைக் கூப்பிட்டு விடுவார்கள். கல்லூரியிலே தேறாதவர் கேம்பிரிட்ஜ் போனாரே என்பார்கள். நான் கூப்பிடப் போவதில்லை. ஏனென்றால், நம்ம வீட்டுப் பிள்ளை ராமானுஜன் இல்லை. அவன் சாதாரணப் பிள்ளை. கணக்கிலே ஐம்பத்தெட்டு, இயற்பியலிலே அறுபத்திரண்டு வாங்கின பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு என்ன வழி என்று சொன்னால்தானே இந்த மேடைக்கு மரியாதை?

முதலிலே உண்மையை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்காது. அது நீட் தேர்வைப் பொறுத்தது. கிண்டியிலே கம்ப்யூட்டர் படிப்பு கிடைக்காது. இதோ பக்கத்திலே, வல்லநாடு கிள்ளிகுளத்திலே வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியிலே 1977-லே தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் போட்டி கடுமை. பொய்யான நம்பிக்கை கொடுப்பது பாவம். ஆனால் நாலு கதவு மூடியிருக்கிறது என்பதற்காகத் தெருவே மூடியிருக்கிறது என்று சொல்லலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொறியியல் கலந்தாய்வுக்குக் கட் ஆஃப் 200. கணிதத்துக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது. மூன்றிலும் அறுபது சதவீதம் வாங்கினவனுக்கு 120 வருகிறது. நுழைவுத் தேர்வை 2006-லே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. குறைந்தபட்சத் தகுதி என்ன தெரியுமா? இந்த மூன்று பாடத்திலும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம். கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நடந்து முடிந்த பிறகும், பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான இடங்கள் ஆள் இல்லாமல் கிடக்கின்றன. இடம் ஆளைத் தேடுகிறது. ஆள் இடத்தைத் தேடி அழுகிறான்!

உடனே எதிரணித் தம்பி சொல்லுவார், “காலியாகக் கிடக்கிற இடத்திலே சேர்ந்து என்ன பிரயோஜனம்?” என்று. சரிதான் தம்பி. நானும் அதையேதான் சொல்லுகிறேன். கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிற பிள்ளையைக் கொண்டுபோய்ப் பொறியியலிலே தள்ளினால், நாலு வருஷத்திலே நாற்பது பேப்பர் அரியர் வைத்துக்கொண்டு வருவான். (சிரிப்பு) கதவு திறந்திருக்கிறது என்பதற்காக எல்லா வீட்டுக்குள்ளேயும் நுழைய முடியுமா? எது நம்ம வீடு என்று தெரிய வேண்டாமா?

அரசு கலைக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். நான் தமிழ் வாத்தியார் அல்லவா, ஒரு ரகசியம் சொல்லுகிறேன். அங்கே பி.ஏ. தமிழுக்குத் தரவரிசை எதை வைத்துப் போடுகிறார்கள்? தமிழ்ப் பாடத்து மதிப்பெண்ணை வைத்து. ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து. வேதியியலிலே நாற்பது, தமிழிலே தொண்ணூற்றிரண்டு வாங்கின பொண்ணை வீட்டிலே ‘மக்கு’ என்று திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொண்ணு எங்கள் வரிசையிலே முதல் பத்து பேரிலே நிற்கும் ஐயா! (பலத்த கைதட்டல்)

பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறினால் முதலாண்டு. பிளஸ் டூவிலே அறிவியல், தொழிற்கல்வி படித்தவர்கள் நேரே இரண்டாம் ஆண்டு. அந்தப் பட்டயப் படிப்பை முடித்தால், பி.இ.யிலே நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அப்போது உன் பிளஸ் டூ மார்க்கை யாரும் கேட்பதில்லை. பட்டயத்திலே என்ன வாங்கினாய் என்றுதான் கேட்பார்கள். வாசல் வழியாகப் போனவனும், திண்ணையைச் சுற்றிப் போனவனும் ஒரே கூடத்திலே உட்கார்ந்து சாப்பிடுகிறான்! இன்னும் கேளுங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2021-லே இணையவழிப் பட்டப் படிப்பு ஒன்று தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம். நாலு வாரம் அவர்களே பாடம் நடத்தி, அதிலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். படிப்பு கடினம்தான். ஆனால் பழைய மார்க்கைப் பிடித்துக்கொண்டு உன்னை வாசலிலேயே நிறுத்தவில்லையே?

தோற்றுப்போன பிள்ளைக்கும் சொல்லுகிறேன். பிளஸ் டூவிலே ஒரு பாடம் போனால், அதே ஆண்டிலே துணைத் தேர்வு இருக்கிறது. அதிலே தேறியவர்களுக்காகப் பொறியியலிலே துணைக் கலந்தாய்வும் இருக்கிறது. ஒரு வருஷம் வீணாக வேண்டியதில்லை.

இந்த ஸ்ரீவைகுண்டத்தையே சுற்றிப் பாருங்கள். உள்ளூரிலே குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரி. சாயர்புரத்திலே போப்பையர் பெயரிலே கல்லூரி. நாசரேத்திலே மர்காஷிஸ் ஐயர் பெயரிலே கல்லூரி. திருச்செந்தூரிலே ஆதித்தனார் கல்லூரி. தூத்துக்குடியிலே வ.உ.சி. கல்லூரி, காமராஜ் கல்லூரி, பெண்களுக்குத் தூய மரியன்னை கல்லூரி. காலையிலே பஸ் ஏறினால் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிடலாம். இத்தனை வாசல் இருக்கிற ஊரிலே உட்கார்ந்துகொண்டு ‘கதவு மூடியிருக்கிறது’ என்று சொன்னால், தாமிரபரணிக் கரையிலே நின்றுகொண்டு தாகம் என்று அழுகிற கதைதான்!

அப்படியானால் பிள்ளை ஏன் நிற்கிறான்? நடுவர் அவர்களே, இதைத்தான் சொல்ல வந்தேன்.

தாமிரபரணியிலே எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியானிலே ஆரம்பித்து எட்டாவதாக, கடைசியாக வருவது நம்ம ஸ்ரீவைகுண்டம் அணை. ஏழு அணைக்காரன் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நமக்கு. மிச்சத் தண்ணீர் என்று ரோஷப்பட்டு நம்ம பாட்டன் விதைக்காமல் இருந்தானா? வடகால், தென்கால் என்று இரண்டு பக்கமும் வாய்க்காலிலே பாய்ச்சி, வாழையும் நெல்லும் விளைய வைத்தான். ஆனால் ஒன்று: தண்ணீர் வருகிற நாளிலே மடையைத் திறக்க வேண்டும். அன்றைக்குத் திறக்காமல் வீட்டிலே படுத்துக்கொண்டால், அத்தனை தண்ணீரும் புன்னைக்காயலிலே கடலோடு போய்விடும். கடைசி அணைக்காரனுக்குத்தான் நாளும் நேரமும் முக்கியம்!

மார்க் குறைந்த பிள்ளையின் வீட்டிலே என்ன நடக்கிறது? ரிசல்ட் வந்த அன்றைக்குக் கதவைச் சாத்துகிறார்கள். “ஏலே, வெளிய எங்கயும் போவாத. யாராவது கேட்டா ரிசல்ட் பாக்கலன்னு சொல்லு.” அப்பா பேசுவதில்லை. அம்மை அடுக்களையிலே மூக்கைச் சிந்துகிறாள். கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. சித்தப்பா போன் வந்தால் எடுப்பதில்லை. இப்படிப் பத்து நாள், பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளிலேதான் அரசுக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதி போகிறது. கலந்தாய்வுப் பதிவு போகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டிய நாள் போகிறது. மதிப்பெண் பறித்த இடத்தைவிட, மானம் பார்த்துப் பறிகொடுத்த இடம் அதிகம் நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

அந்த மௌனத்துக்குள்ளேதான் ஒருவர் மெதுவாக நுழைவார். வெள்ளைச் சட்டை, கையிலே பை. “அண்ணாச்சி, கவலைப்படாதிய. எனக்கு மேலிடத்திலே ஆளு இருக்கு. அட்வான்ஸ் மட்டும் கொடுங்க, சீட்டு நம்ம கையில.” மகளுக்கு வைத்த நகை அடகுக்குப் போகும். 1992-லேயே தமிழ்நாட்டிலே கட்டாய நன்கொடையைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்விலே இடைத்தரகருக்கு வேலையே கிடையாது. மாவட்டந்தோறும் உதவி மையம் வைத்து விண்ணப்பம் போட உதவுகிறார்கள். கேட்க வெட்கப்படுகிறவன்தான் காசு கொடுக்கிறான்!

எதிரணி ஐயா சொன்னார்: “மதிப்பெண் என்பது தரம் பார்க்கிற சல்லடை” என்று. சல்லடையைப் பற்றி இந்தக் கடற்கரையிலேயா பேசுவது? தூத்துக்குடியிலே 1961 வரைக்கும் முத்துக்குளித்தார்களே, அந்த முத்தை எப்படித் தரம் பிரித்தார்கள்? துளை போட்ட பித்தளைச் சல்லடைகள். இருபது துளையிலே தொடங்கி ஆயிரம் துளை வரைக்கும். அது அளவை மட்டும்தான் சொல்லும். அதற்கப்புறம் உருண்டையா, ஒளி இருக்கிறதா என்று மனிதன்தான் கண்ணாலே பார்க்க வேண்டும். கடைசிச் சல்லடையிலே விழுந்த தூள் முத்தைக்கூடக் கடலிலே கொட்டவில்லை, மருந்துக்கு வாங்கினார்கள். முத்தைச் சலித்தவனுக்கு இருந்த பொறுமை, பிள்ளையைப் பெற்றவனுக்கு வேண்டாமா?

இந்த ஊரிலே பிறந்தவர் குமரகுருபரர். ஐந்து வயது வரைக்கும் பேச்சே வரவில்லை என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. இந்தக் காலமாக இருந்தால் எல்.கே.ஜி. நேர்காணலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்! (சிரிப்பு) “மேதையைக் கூப்பிட மாட்டேன் என்று சொன்னீரே” என்று எதிரணி பாய வேண்டாம். நான் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வரவில்லை. பெற்றவர்களைப் பற்றிச் சொல்ல வந்தேன். பேசாத பிள்ளை என்று வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளே ஒளித்து வைத்தார்களா? ஊரறியத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடந்தார்கள். அங்கே முருகன் சந்நிதியிலே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பார்கள். பிற்காலத்திலே காசியிலே மடம் கண்டார். இன்றைக்கு அவர் பெயரிலேயே இங்கே கல்லூரி நடக்கிறது. தூக்கிக்கொண்டு நடந்த தாய் தகப்பன் இல்லையென்றால் எது நடந்திருக்கும்?

பக்கத்திலேதான் ஆழ்வார்திருநகரி. புளியமரத்தடியிலே நம்மாழ்வார் பதினாறு வயது வரைக்கும் பேசாமல் இருந்தாராம். மதுரகவி வந்து ஒரு கேள்வி கேட்டார். வாய் திறந்தார் என்பது மரபு. நாம் பிள்ளையிடம் என்ன கேள்வி கேட்கிறோம்? “எத்தன மார்க்கு?” என்று கேட்கிறோம். “உனக்கு என்னப்பா பிடிக்கும்? என்ன செய்தா நேரம் போறதே தெரியல?” என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

தாய்மார்களே, ரிசல்ட் வருகிற அன்றைக்கு மார்க் குறைந்தால், முதலிலே அந்தப் பிள்ளைக்கு வயிறாரச் சோறு போடுங்கள். இரவிலே அவனைத் தனியாக விடாதீர்கள். இது விளையாட்டுப் பேச்சில்லை. ஒரு காகிதத்துக்காக உயிரை விட்ட பிள்ளைகளை நாம் ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளிலே பார்த்துவிட்டோம். மறுநாள் காலையிலே அவனுடைய பள்ளிக்கூட ஆசிரியரிடம் போங்கள். மூன்று தாளிலே எழுதுங்கள்: எந்தப் பாடத்திலே மார்க் நன்றாக இருக்கிறது, பஸ் தூரத்திலே எந்தெந்தக் கல்லூரி இருக்கிறது, எந்த விண்ணப்பத்துக்கு எது கடைசித் தேதி. மூன்றாவது தாளைச் சுவரிலே ஒட்டுங்கள். முதல் சுற்றிலே கிடைக்காவிட்டால் இரண்டாவது சுற்று. அதிலும் இல்லையென்றால் அடுத்தது. கடைசி அணைக்காரன் கடைசிச் சொட்டு வரைக்கும் மடையிலே நிற்பான்!

நடுவர் மணியைப் பார்க்கிறார். மணியடிக்கிற சிரமத்தை அவருக்குக் கொடுக்க மாட்டேன். (சிரிப்பு) மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு வரிசையிலே இடம் பின்னாலேதான், மறுக்கவில்லை. ஆனால் வரிசையிலே நின்றால்தான் அந்த இடமும் உண்டு. கல்லூரிக் கதவு திறந்தே இருக்கிறது. ரிசல்ட் அன்றைக்குச் சாத்தின வீட்டுக் கதவைத்தான் நாம் திறக்க வேண்டியிருக்கிறது என்று தீர்ப்பு வழங்க வேண்டுமாய் நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)